மணிக்கூண்டுச் சிறையில் ஒரு நாத்திகர்

லண்டன் என்றதும் காலண்டரிலும் பிஸ்கட் டப்பாவிலும் கூட வந்து நிற்கிற படம் பிக் பென் மணிக்கூண்டு. 2012-ல் அதற்கு எலிசபெத் டவர் என்று பெயர் மாற்றினார்கள். ஆனாலும் எல்லோருக்கும் அது பிக் பென்தான். அந்தக் கூண்டுக்குள் ஒரு காலத்தில் சிறை அறை இருந்தது என்பது நிறைய பேருக்குத் தெரியாது. திருடர்களுக்கான சிறை அல்ல. பாராளுமன்றத்தின் கட்டளையை மீறுகிறவர்களை அடைப்பதற்காக பாராளுமன்றமே வைத்திருந்த அறை.

அங்கே கடைசியாக அடைக்கப்பட்ட எம்.பி.யின் பெயர் சார்லஸ் பிராட்லா. நாள் 1880 ஜூன் 23. அவர் யாரையும் அடிக்கவில்லை, லஞ்சம் வாங்கவில்லை. ஓட்டுப் போட்டு மக்கள் அனுப்பினார்கள், என் இடத்தில் உட்கார விடுங்கள் என்று கேட்டார். அவ்வளவுதான் குற்றம்! ஆனால் அவர் ஒரு நாத்திகர், அதுவும் ஊரறிந்த நாத்திகர். அதனால் அவரை உள்ளே விடாமல் இருக்க பிரிட்டிஷ் மக்கள் சபை ஐந்தரை வருடங்கள் போராடியது. கிளாட்ஸ்டன் போன்ற பெரிய பிரதமரே அந்தச் சண்டையில் ஒரு முறை தோற்றுப் போனார்.

மதத்தையும் அரசையும் பிரிப்பது பற்றிப் பேசும்போது எல்லோரும் அமெரிக்காவையோ பிரான்ஸையோதான் உதாரணம் காட்டுவார்கள். 1787-ல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டம், எந்தப் பதவிக்கும் மதச் சோதனை கூடாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. இங்கிலாந்தில் அப்படி ஒரு வரி எழுதப்படவே இல்லை. இன்றைக்கும் அங்கே அரசர்தான் திருச்சபையின் தலைவர். இருந்தும் ஒரு நாத்திகர் எப்படி உள்ளே போனார் என்பதுதான் சுவாரசியமான விஷயம்.

யார் இந்த பிராட்லா?

1833-ல் லண்டனில் ஹாக்ஸ்டன் என்ற பகுதியில் பிறந்தவர். அப்பா ஒரு வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா. படிப்பு 11 வயதோடு நின்றுவிட்டது. பிறகு எடுபிடி வேலை, நிலக்கரிக் கடையில் கணக்கு வேலை. இதெல்லாம் இருந்தாலும் பையன் நல்ல பக்தி. ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் பிஷப் வரப்போகிறார், திடப்படுத்தல் ஆராதனை நடக்கப்போகிறது, நன்றாகத் தயார் பண்ணிக்கொள் என்று சபைப் போதகர் பாக்கர் சொன்னார். பையனும் தயார் பண்ணினான். கொஞ்சம் அதிகமாகவே தயார் பண்ணிவிட்டான்! இங்கிலாந்துத் திருச்சபையின் 39 விசுவாசப் பிரமாணங்களையும் நான்கு சுவிசேஷங்களையும் பக்கத்தில் வைத்துப் படித்ததில், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இடங்கள் கண்ணில் பட்டன. ஐயா, இதைக் கொஞ்சம் விளக்குங்கள் என்று மரியாதையாகப் போதகருக்குக் கடிதம் எழுதினான். போதகர் விளக்கவில்லை. உங்கள் பையன் நாத்திகன் ஆகிவிட்டான் என்று அப்பாவுக்கு எழுதினார். ஞாயிறு பள்ளி வேலையிலிருந்தும் நிறுத்தினார்.

அப்போது அவன் நாத்திகனே இல்லை. சந்தேகம் கேட்ட ஒரு மாணவன், அவ்வளவுதான். ஆனால் அந்த மூன்று மாதத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு வேலை இல்லாததால், திறந்தவெளியில் சுதந்திரச் சிந்தனையாளர்கள் கூட்டம் போடும் இடங்களுக்குப் போக ஆரம்பித்தான். கடைசியில் வேலையும் போய், வீட்டையும் விட்டு வெளியே வந்தபோது வயது 16 கூட நிறைந்திருக்குமா என்பது சந்தேகம். பாக்கர் மட்டும் அந்தக் கடிதத்துக்கு உட்கார்ந்து பதில் எழுதியிருந்தால் இங்கிலாந்துக்கு ஒரு நல்ல பாதிரியார் கிடைத்திருப்பாரோ என்னவோ.

வயிற்றுப்பாட்டுக்காக 1850-ல் பட்டாளத்தில் சேர்ந்தார். இந்தியாவுக்குப் போகலாம் என்று ஆசை, ஆனால் போட்டது அயர்லாந்தில். 1853-ல் சொந்தக்காரர் ஒருவர் விட்டுப்போன பணத்தைக் கட்டி விடுதலை வாங்கிக்கொண்டு, வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவானார். பகலில் சட்டம், மாலையில் மேடை. குரல் வெண்கலம், ஆள் ஆறடிக்கு மேல். 1860-ல் நேஷனல் ரிஃபார்மர் பத்திரிகையின் ஆசிரியர், 1866-ல் நேஷனல் செக்யூலர் சொசைட்டியைத் தொடங்கியவர்.

கடவுள் இல்லை என்று அவர் அடித்துச் சொன்னதில்லை. 'கடவுள்' என்று நீங்கள் சொல்லும் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கவில்லை, விளங்காத ஒன்றை இல்லை என்றும் சொல்ல முடியாது என்பதுதான் அவர் நிலை. இந்த ஒரு வாதம்தான் பிற்பாடு அவர் கழுத்தைச் சுற்றிக்கொண்டது.

சத்தியம் என்ற கதவு

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கற்பூரத்தை அடித்து சத்தியம் பண்ணு என்று நம் பக்கத்தில் சொல்வதற்கு என்ன காரணம்? பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்ற பயம். ஐரோப்பாவிலும் அதே கதைதான். மத சகிப்புத்தன்மைக்குத் தந்தை என்று பாடப் புத்தகங்கள் புகழும் ஜான் லாக், 1689-ல் வெளிவந்த கடிதத்தில் மற்ற மதத்தாரைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிவிட்டு, நாத்திகர்களை விலக்கினார். கடவுளை நம்பாதவனை வாக்குறுதியோ சத்தியமோ கட்டுப்படுத்தாது, அவனை வைத்து சமூகம் நடத்த முடியாது என்பது அவர் கட்சி.

அந்த நினைப்பு சட்டமாகவும் இருந்தது. 1869 வரை இங்கிலாந்து நீதிமன்றத்தில் நாத்திகர் சாட்சி சொல்ல முடியாது. ஒருவன் உங்கள் பையைப் பறித்துக்கொண்டு ஓடினால், நீங்கள் நாத்திகர் என்று மட்டும் அவன் நிரூபித்தால் போதும், தப்பித்துக்கொள்ளலாம்! பிராட்லா தன் சொந்தப் பண வழக்கிலேயே சாட்சி சொல்ல முடியாமல் மாட்டிக்கொண்டார். அந்த வழக்கை விடாமல் இழுத்தார். 1869, 1870 சட்டத் திருத்தங்கள் வந்ததில் அவருக்கும் பங்கு உண்டு. அதன் பிறகு கடவுள் பெயர் சொல்லாமல், 'உறுதி கூறுகிறேன்' என்று சொல்லிவிட்டு சாட்சி சொல்லலாம் என்றானது.

(இதில் ஒரு வேடிக்கை. அதே பிரிட்டிஷ்காரர்கள் இந்தியாவில் 1873-ல் கொண்டுவந்த சட்டப்படி, கோர்ட்டில் ஒரு இந்துவோ முஸ்லிமோ சத்தியம் செய்யவே வேண்டாம், உறுதிமொழி போதும். அடிமை நாட்டுக் கோர்ட்டில் செல்லுபடியான உறுதிமொழி, ஆளும் நாட்டுப் பாராளுமன்றத்தில் செல்லாது.)

பாராளுமன்றத்துக்கும் இதே கதவு இருந்தது. உள்ளே போகும் ஒவ்வொருவரும் சத்தியப் பிரமாணம் எடுக்க வேண்டும். அந்தப் பிரமாணத்தின் வார்த்தைகளை வைத்தே யார் உள்ளே, யார் வெளியே என்று முடிவு செய்தார்கள். கத்தோலிக்கர்களுக்கு 1829-ல்தான் கதவு திறந்தது. சத்தியமே செய்யக்கூடாது என்பது குவேக்கர்களின் கொள்கை, அவர்களில் ஜோசப் பீஸ் என்பவரை உறுதிமொழியோடு 1833-ல் அனுமதித்தார்கள். யூதர்கள் பாடு இன்னும் மோசம். லயனல் டி ராத்ஸ்சைல்ட் 1847-ல் ஜெயித்தார். ஆனால் பிரமாணத்தில் 'கிறிஸ்தவனின் உண்மையான விசுவாசத்தின் பேரில்' என்று ஒரு தொடர் இருந்தது. ஒரு யூதர் அதை எப்படிச் சொல்வார்? 11 வருடம் காத்திருந்து 1858-ல்தான் உட்கார்ந்தார்.

ஒவ்வொரு முறையும் சொல்லப்பட்ட வாதம் ஒன்றேதான். இவரை உள்ளே விட்டால் நாடு கிறிஸ்தவ நாடாக இருக்காது என்றார்கள். விட்ட பிறகு ஒன்றும் ஆகவில்லை. அடுத்தவர் வந்து கதவைத் தட்டியதும் மறுபடி அதே வாதம்.

1880

நார்தாம்ப்டன் என்பது செருப்புத் தைக்கும் தொழிலாளர்கள் நிறைந்த ஊர். பிராட்லா அங்கே 1868-லிருந்து நின்று நின்று தோற்றவர். இதற்கு நடுவில் 1877-ல் ஒரு பெரிய வழக்கு வேறு. குடும்பக் கட்டுப்பாடு பற்றிய சின்னப் புத்தகம் ஒன்றை அவரும் அன்னி பெசன்டும் சேர்ந்து வெளியிட்டதற்காக ஆறு மாதச் சிறையும் 200 பவுண்டு அபராதமும் விதித்தார்கள். அப்பீலில் தப்பித்தார்கள். ஆனால் நாத்திகத்தோடு 'ஆபாசம்' என்ற பட்டமும் சேர்ந்துகொண்டது. அன்னி பெசன்ட் தன் மகளை வளர்க்கும் உரிமையையே கோர்ட்டில் இழந்தார்.

இவ்வளவுக்குப் பிறகும் 1880 ஏப்ரலில் நார்தாம்ப்டன் அவரைத் தேர்ந்தெடுத்தது. அந்தத் தொழிலாளர்களில் ஏராளமானவர்கள் ஞாயிறு தவறாமல் சிற்றாலயத்துக்குப் போகிறவர்கள். அரசாங்கத் திருச்சபையைச் சேராதவர்கள் என்பதால் பிரமாணமும் சோதனையும் என்னவென்று அவர்களுடைய தாத்தாக்கள் அனுபவித்திருந்தார்கள். அவருடைய கடவுள் மறுப்பு அவர்களுக்குப் பிடிக்கவில்லை, அவருடைய அரசியல் பிடித்தது. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க, படித்த பிரபுக்களுக்குத் தெரியாதது செருப்புத் தைக்கிறவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மே 3-ம் தேதி சபைக்கு வந்த பிராட்லா, சத்தியத்துக்குப் பதிலாக உறுதிமொழி எடுக்கிறேன், நீதிமன்றச் சட்டம் அனுமதிக்கிறது என்றார். சபாநாயகர் ஹென்றி பிராண்ட் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சபை முடிவு செய்யட்டும் என்று தள்ளிவிட்டார். இத்தனை வருடச் சிக்கலும் அந்த ஒரு நிமிடத் தயக்கத்தில் பிறந்தது. கமிட்டி போட்டார்கள். ஒரே ஓட்டு வித்தியாசத்தில் 'உறுதிமொழி கூடாது' என்று கமிட்டி சொல்லிவிட்டது.

சரி, அப்படியானால் சத்தியமே செய்துவிடுகிறேன் என்றார் பிராட்லா. பிரச்சினை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் மனுஷன் சும்மா இருக்கவில்லை. பத்திரிகைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தப் பிரமாணத்தில் வரும் கடவுள் பற்றிய வார்த்தைகள் எனக்கு அர்த்தமில்லாத ஓசைகள், ஆனாலும் அந்த உறுதி என் மனசாட்சியைக் கட்டுப்படுத்தும் என்பது அந்தக் கடிதத்தின் சாரம். நேர்மையான கடிதம். ஆனால் அரசியல் ரீதியில் அதைவிட முட்டாள்தனமான கடிதம் இருக்க முடியாது. எதிரிகள் அதற்காகத்தான் காத்திருந்தார்கள்.

மே 21-ம் தேதி அவர் மேசைக்கு வந்தபோது ட்ரம்மண்ட் வுல்ஃப் என்ற கன்சர்வேடிவ் உறுப்பினர் எழுந்து தடுத்தார். ராண்டால்ஃப் சர்ச்சில் (வின்ஸ்டன் சர்ச்சிலின் அப்பா) சேர்ந்துகொண்டார். கிளாட்ஸ்டன் அரசுக்கு எப்படிக் குடைச்சல் கொடுக்கலாம் என்று அலைந்துகொண்டிருந்த சின்னக் கோஷ்டி அது. அவர்களுக்குக் கடவுள் மேல் இருந்த பக்தியை விட கிளாட்ஸ்டன் மேல் இருந்த கடுப்பு அதிகம் என்பது அன்றைக்கே எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்று. நார்தாம்ப்டனில் இரண்டு இடங்கள். கூட ஜெயித்த ஹென்றி லபூஷேரும் நம்பிக்கை இல்லாதவர்தான். அவர் சிரித்துக்கொண்டே சத்தியம் செய்து உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். 'நார்தாம்ப்டனின் கிறிஸ்தவ உறுப்பினர்' என்று தன்னைத்தானே கிண்டலாகச் சொல்லிக்கொள்வார். 1883-ல் எம்.பி. ஆன ஜான் மார்லியும் ஊரறிந்த கடவுள் நம்பிக்கையற்ற எழுத்தாளர், அவரும் பிரமாணம் எடுத்தார். யாரும் தடுக்கவில்லை. ஆக, சபைக்கு நாத்திகம் பிரச்சினை இல்லை. அதை வெளியே சொல்வதுதான் பிரச்சினை. மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயால் வேறு சொல்பவர் உள்ளே போகலாம், உள்ளதைச் சொல்பவர் வெளியே நிற்க வேண்டும். பொய்யைத் தடுப்பதற்காக ஏற்பட்ட சத்தியம் இந்த வேலையைத்தான் செய்தது.

(பிராட்லா முடியாட்சி வேண்டாம் என்று எழுதிவந்தவரும் கூட. அந்தப் பிரமாணமோ ராணிக்கு விசுவாசமாக இருப்பதாகச் செய்வது! அதைப் பற்றி யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை.)

ஜூன் 22-ம் தேதி, சத்தியமும் கூடாது உறுதிமொழியும் கூடாது என்று 275-க்கு 230 என்ற கணக்கில் சபை தீர்மானித்தது. மறுநாள் அவரை வெளியே போகச் சொன்னார்கள். போக மாட்டேன், இந்த உத்தரவு சட்டத்துக்கு விரோதம் என்றார். மணிக்கூண்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த நாளே விட்டுவிட்டார்கள். விடச் சொன்னது யார் தெரியுமா? எதிர்க்கட்சித் தலைவர் நார்த்கோட்! ஒரு தியாகியை உருவாக்கிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

ஜூலையில் கிளாட்ஸ்டன் ஒரு வழி கண்டுபிடித்தார். உறுதிமொழி எடுத்துக்கொள்ளட்டும், சட்டப்படி தப்பு என்றால் அது அவர் பாடு என்று. பிராட்லா உட்கார்ந்தார், பேசினார், ஓட்டுப் போட்டார். முறையாகப் பிரமாணம் எடுக்காமல் போடும் ஒவ்வொரு ஓட்டுக்கும் 500 பவுண்டு அபராதம் என்பது சட்டம். கிளார்க் என்பவர் உடனே வழக்குப் போட்டார். அவருக்குப் பின்னால் பணம் கட்டியவர் நியூடிகேட் என்ற எம்.பி. 1881 மார்ச்சில் தீர்ப்பு பிராட்லாவுக்கு எதிராக வந்தது, பதவி காலியானது. ஏப்ரலில் இடைத்தேர்தல். 132 ஓட்டு வித்தியாசத்தில் மறுபடி ஜெயித்தார். மறுபடி தடுத்தார்கள்.

1881 ஆகஸ்ட் 3

இந்த நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாடெங்கும் இருந்து மனுக்களோடு ஆயிரக்கணக்கான பேர் பாராளுமன்றத்துக்கு வெளியே கூடிவிட்டார்கள். எதற்கும் கலவரம் ஆகாமல் பார்த்துக்கொள் என்று அன்னி பெசன்டிடம் சொல்லிவிட்டு பிராட்லா தனியாக உள்ளே போனார்.

சபை வாசலில் சிப்பந்திகளும் போலீஸ்காரர்களுமாகப் பத்துப் பேருக்கு மேல் நின்றிருந்தார்கள். என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், உள்ளே போகிறேன் என்று அடி எடுத்து வைத்ததும் எல்லோரும் ஒன்றாகப் பிடித்தார்கள். ஆறடி ஆள் சுலபத்தில் நகர்வாரா? படிக்கட்டில் இழுத்துத் தள்ளிக்கொண்டே கீழே கொண்டுவந்து முற்றத்தில் விட்டார்கள். கோட்டு கிழிந்து தொங்கியது, முகம் வெளுத்துவிட்டது. இரண்டு கைகளிலும் தசை அடிபட்டுப் பல நாள் படுக்கையில் கிடந்தார்.

வெளியே நின்ற கூட்டத்துக்கு அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. பட்டாளத்தில் இருந்தவர், கூட்டத்தைக் கட்டுப்படுத்தத் தெரிந்தவர், அதைவிட முக்கியமாக வக்கீல் ஆபீஸில் வளர்ந்தவர். கடைசி வரைக்கும் சட்டத்தை வைத்தே சட்டத்தை ஜெயிக்க வேண்டும் என்று நம்பினார். அவருடைய இளைய தோழர்களில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் அன்று ஒரு கல் பறந்திருந்தால் நாத்திகன் என்றால் கலகக்காரன் என்ற லாக்கின் வாதம் இன்னும் ஐம்பது வருடம் உயிரோடு இருந்திருக்கும்.

1882 பிப்ரவரி 21-ல் யாரும் எதிர்பாராத ஒரு காரியம் செய்தார். விறுவிறுவென்று மேசைக்கு வந்து, பையிலிருந்து புதிய ஏற்பாட்டை எடுத்து, பிரமாண வாசகத்தைத் தானே படித்து, தானே கையெழுத்துப் போட்டு, போய் உட்கார்ந்துவிட்டார்! சபை திகைத்துப் போனது. மறுநாள் பதவியைப் பறித்தார்கள். மார்ச்சில் 108 ஓட்டில் ஜெயித்தார். 1884-லும் இதே நாடகம், அந்த முறை வித்தியாசம் 368. அனுப்ப அனுப்பத் திரும்பத் திரும்ப அவரையே அனுப்பியது அந்த ஊர்.

நீதிமன்றத்திலும் முயன்றார். 1883-ல் பிரபுக்கள் சபை கிளார்க் வழக்கில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. அந்த அபராதத்தைக் கேட்க அரசுக்குத்தான் உரிமை, கண்டவருக்கும் இல்லை என்றார்கள். நியூடிகேட் பணம் கட்டி வழக்கு நடத்தியதும் தப்பு என்று இன்னொரு தீர்ப்பு. ஆனால் 1884-ல் வேறொரு வழக்கில் நீதிபதிகள் கையை விரித்துவிட்டார்கள். சபை தன் சுவர்களுக்குள் செய்வதைக் கோர்ட் கேட்க முடியாது என்று. பாராளுமன்றச் சிறப்புரிமை பற்றிய சட்டப் புத்தகங்களில் இன்றும் அந்த வழக்கைப் பார்க்கலாம்.

பக்தரின் வாதம்

இந்தக் கதையின் மிகச் சிறந்த பகுதி பிராட்லா பேசியது அல்ல. கிளாட்ஸ்டன் பேசியது.

கிளாட்ஸ்டன் பழுத்த ஆங்கிலிக்கன் பக்தர். நாத்திகத்தை மனதார வெறுத்தவர். பிராட்லாவின் புத்தகங்கள் அவருக்கு அருவருப்பு. அப்படிப்பட்டவர் 1883 ஏப்ரல் 26-ம் தேதி, விரும்புகிறவர்கள் உறுதிமொழி எடுத்துக்கொள்ளலாம் என்ற மசோதாவுக்காக எழுந்து பேசினார்.

அவர் கேட்டது இதுதான். முன்பு நீங்கள் கிறிஸ்தவத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றீர்கள். யூதர்களை விட்டாகிவிட்டது, ஆக கிறிஸ்தவம் நிபந்தனை இல்லை. இப்போது ஏதாவது ஒரு கடவுளை ஏற்றுக்கொண்டால் போதும் என்கிறீர்கள். அது எந்தக் கடவுள்? அதற்கு லத்தீனில் லுக்ரீஷியஸின் ஆறு வரிகளை எடுத்துச் சொன்னார். தேவர்கள் உண்டு, ஆனால் எங்கோ தூரத்தில் நிம்மதியாக இருக்கிறார்கள், மனிதர்கள் செய்யும் நன்மை தீமை எதுவும் அவர்களைத் தொடாது என்ற கருத்துள்ள வரிகள். இப்படி ஒரு கடவுளை நம்புகிறவர் உங்கள் சோதனையில் பாஸ். ஆனால் அந்த நம்பிக்கையால் மனிதனுக்கு என்ன பயன்? கிறிஸ்துவை விட்டுவிட்டு 'ஏதோ ஒரு கடவுள்' என்ற வெறும் சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குவது மதத்தைக் காப்பதல்ல, மதத்தை அவமதிப்பது என்றார்.

அடுத்து சொன்னது இன்னும் கூர்மை. நாட்டில் அவநம்பிக்கை பெருகுகிறது, அது எனக்கும் கவலைதான். ஆனால் மதத்தின் பெயரால் ஒருவருக்கு அநியாயம் நடப்பதை மக்கள் பார்த்தால், அநியாயத்தோடு மதத்தையும் சேர்த்தே வெறுப்பார்கள்.

அரசிலிருந்து மதத்தைப் பிரிப்பது நாத்திகர்களின் கோரிக்கை என்றே பலரும் நினைக்கிறார்கள். அன்றைக்கு அதற்குச் சொல்லப்பட்ட மிக வலுவான காரணம் ஒரு பக்தர் வாயிலிருந்து, மதத்தின் நன்மைக்காக வந்தது. 1869-ல் அயர்லாந்துத் திருச்சபையை அரசிலிருந்து பிரித்த சட்டத்தைக் கொண்டுவந்தவரும் இதே கிளாட்ஸ்டன்தான்.

இவ்வளவு பேசியும் மே 3-ம் தேதி ஓட்டெடுப்பில் 289-க்கு 292. மூன்று ஓட்டில் மசோதா செத்தது. அயர்லாந்துக் கத்தோலிக்க உறுப்பினர்களில் பெரும்பாலோர் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். அயர்லாந்துக்கு சுயாட்சி வேண்டும் என்று ஆரம்பம் முதல் பேசிவந்தவர் பிராட்லா. 54 வருடம் முன்பு வரை இதே பிரமாணத்தால் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் அந்தக் கத்தோலிக்கர்கள்!

கடைசியில் எப்படித் தீர்ந்தது? ரொம்ப சாதாரணமாக. 1886 ஜனவரி 13, புதிய பாராளுமன்றம். ஆர்தர் பீல் சபாநாயகர். தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் சட்டப்படி பிரமாணம் எடுக்க வரும்போது குறுக்கே நிற்க எனக்கும் உரிமை இல்லை, வேறு எந்த உறுப்பினருக்கும் உரிமை இல்லை என்றார். தடுக்க எழுந்தவர்களைப் பேசவே விடவில்லை. பிராட்லா பிரமாணம் எடுத்தார், சபாநாயகரோடு கைகுலுக்கினார், உட்கார்ந்தார். ஐந்தரை வருடம் முன்பு பிராண்ட் இதையே சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

1888-ல் பிராட்லா கொண்டுவந்த மசோதாவே சட்டமானது. மத நம்பிக்கை இல்லாதவரோ, சத்தியம் செய்வது தன் மதத்துக்கு ஒவ்வாது என்பவரோ பாராளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் உறுதிமொழி எடுக்கலாம். ஆட்சியில் இருந்தது கன்சர்வேடிவ் கட்சி. இந்திய அரசியல் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் கடவுள் பெயரால் ஒன்று, உளமார ஒன்று என இரண்டு வாசகங்கள் இருப்பதற்குப் பின்னால் இந்தச் சட்டத்தின் நிழல் இருக்கிறது. 1967-ல் அண்ணாவும் அவருடைய அமைச்சர்களும் 'உளமார' என்று சொல்லிப் பதவியேற்றபோது யாரும் அவர்களை மணிக்கூண்டில் அடைக்கவில்லை.

சென்னையில் ஒரு எதிரொலி

பிராட்லாவை லண்டனில் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த அதே வருடங்களில் சென்னையில் ஒரு சின்னக் கூட்டம் அவரைப் படித்துக்கொண்டிருந்தது. சென்னை லௌகிக சங்கம் என்று பெயர். 1882 முதல் 1888 வரை 'தத்துவ விவேசினி' என்று தமிழிலும், 'தி திங்கர்' என்று ஆங்கிலத்திலும் வாரப் பத்திரிகை நடத்தினார்கள். அத்திப்பாக்கம் வெங்கடாசல நாயகரின் 'இந்து மத ஆசார ஆபாச தர்சினி' 1882-ல் வந்தது. சுயமரியாதை இயக்கத்துக்கு நாற்பது வருடத்துக்கும் மேல் முந்தைய சங்கதி இது. செக்யூலர் என்ற சொல்லுக்கு அவர்கள் வைத்த தமிழ் 'லௌகிகம்', அதாவது இந்த உலகத்துக் காரியம். மதச்சார்பின்மை என்ற இன்றைய நீளமான சொல்லை விட அது இன்னும் பொருத்தமோ என்று தோன்றும்.

பிராட்லாவுக்கு 'இந்தியாவுக்கான உறுப்பினர்' என்றே சபையில் பெயர் விழுந்தது. இந்தியா பற்றிய கேள்விகளை விடாமல் எழுப்பினார். 1889-ல் கடுமையாக நோய்வாய்ப்பட்டு எழுந்தவர், கடல் பயணமாக பம்பாய் காங்கிரஸ் மாநாட்டுக்கு வந்தார். அந்த 1889-ல் பிரதிநிதிகளின் எண்ணிக்கையும் 1,889 என்பார்கள்.

அதே வருடம்தான் அன்னி பெசன்ட் நாத்திகத்தை விட்டுப் பிரம்ம ஞான சபையில் சேர்ந்தார். தோழர் மனமுடைந்து போனார், ஆனால் நட்பை முறிக்கவில்லை. பிற்பாடு அவர் அடையாறுக்கே வந்துவிட்டதும் 1917-ல் காங்கிரஸ் தலைவரானதும் தெரிந்த கதை. இன்று அஷ்டலட்சுமி கோயிலும் வேளாங்கண்ணி மாதா கோயிலும் இருக்கிற பெசன்ட் நகர், இங்கிலாந்தின் பிரபல நாத்திகப் பேச்சாளராக இருந்த ஒருவர் பெயரில்தான் இருக்கிறது.

1891 ஜனவரி 27. பிராட்லா மரணப் படுக்கையில் இருக்கிறார். 1880 ஜூன் 22-ம் தேதித் தீர்மானத்தைச் சபைக் குறிப்பிலிருந்து நீக்க வேண்டும் என்று ஒருவர் முன்மொழிந்தார். யாரும் எதிர்க்கவில்லை. பதினொரு வருடம் முன்பு தடுத்த கட்சியும் சேர்ந்தே ஒப்புக்கொண்டது. செய்தி வீட்டுக்குப் போனபோது அவருக்கு நினைவில்லை. 30-ம் தேதி இறந்தார். வயது 57.

ப்ரூக்வுட் கல்லறையில் அடக்கம் நடந்தது. ஜெபம் இல்லை, பேச்சும் இல்லை. லண்டனில் அப்போது சட்டம் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்கள் நிறைய பேர் போயிருந்தார்கள். அதில் 21 வயது மோகன்தாஸ் காந்தியும் ஒருவர். கடைசி மரியாதை செலுத்தச் சில பாதிரியார்களும் வந்திருந்தார்கள் என்று தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். திரும்பும்போது ரயில் நிலையத்தில் ஒரு நாத்திகர் அந்தப் பாதிரியார்களில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு, உங்கள் கடவுள் எவ்வளவு பெரியவர், எங்கே இருக்கிறார் என்று மடக்கி மடக்கிக் கேட்டாராம். பாதிரியார் கோபப்படாமல், அவர் நம் இருவர் இதயத்திலும் இருக்கிறார் என்ற மாதிரி பதில் சொன்னாராம். அந்தப் பேச்சைக் கேட்டு நாத்திகத்தின் மேல் தனக்கிருந்த வெறுப்பு இன்னும் அதிகமானது என்கிறார் காந்தி.